பாடசாலைக்குள் பிள்ளையின் சமயம்: பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

(தோட்டப் பாடசாலைப் பெற்றோருக்காக எமது சங்கத்தின் மாதர் பிரிவு ஒழுங்கு செய்த கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியபடியே தருகிறோம்.)



சம்பளம், அரைப்பேர், கைக்காசு, வீடு, காணி என்று பேசுகிற சங்கம் இன்றைக்கு எதற்குச் சமயத்தைப் பற்றிக் கூட்டம் போட்டிருக்கிறது என்று வரும் வழியில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். நாங்கள் சமயத்தைப் பற்றிப் பேச வரவில்லை. உங்கள் பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சில மாதங்களாக வெவ்வேறு டிவிசன்களிலிருந்து தாய்மார் சங்கக் காரியாலயத்துக்கு வந்து சொன்னவற்றை எழுதி வைத்திருக்கிறோம். அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரும் பாடசாலையின் பெயரும் வேண்டாம்.

நான்காம் தரம் படிக்கும் ஒரு பெண் பிள்ளை. வீட்டில் திருநீறு வைத்தால் அழித்துவிடுகிறாள். மாரியம்மன் கோயில் பொங்கலைச் சாப்பிடமாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால், “அம்மாயி கும்பிடுவது பேயாம், அம்மாயி நெருப்பில்தான் எரிவாளாம்” என்று சொல்லி அழுகிறாள். பாடசாலையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வாரத்தில் ஒரு நாள் வெளியிலிருந்து வருகிறவர்கள், பாடம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு ஜெபம் நடத்துகிறார்கள். அந்த அம்மாயிதான் இந்தப் பிள்ளையைப் பால்குடி மறந்த நாளிலிருந்து வளர்த்தவர். பேத்தி அப்படிச் சொன்ன நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தாய் சொன்னார்.

இரண்டாவது தாய் கிறிஸ்தவர். மூன்று தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகும் குடும்பம். மகள் படிக்கும் பாடசாலையில் கத்தோலிக்க பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. ஆகவே சைவநெறி வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் தேவாரம் பாட முன்னுக்கு விடுகிறார்கள். திருநீறு வைக்காமல் வந்த நாளில், “நீ என்ன பெரிய ஆளோ” என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது குடும்பம் தெற்கே, றப்பர் தோட்டத்தில் இருக்கிறது. பக்கத்தில் தமிழ்ப் பாடசாலை இல்லாததால் மகனைச் சிங்களப் பாடசாலையில் சேர்த்தார்கள். அவனுக்குச் சமய பாடம் பௌத்தம் என்று அவர்களே பதிந்துவிட்டார்கள். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பொடியன் நல்லாப் படிக்கிறான், கூடாத ஒன்றும் சொல்லிக்கொடுக்கல, ஆனா எங்களிடம் கேட்டிருக்கலாம்தானே” என்றார் தகப்பன்.

மூன்று சமயம், மூன்று பாடசாலை. ஆனால் முறைப்பாடு ஒன்றுதான். பெற்றோருக்குத் தெரியாமல், பெற்றோரைக் கேட்காமல், அரசாங்கப் பாடசாலைக்குள் வைத்துப் பிள்ளையை வேறு சமயத்தின் பக்கம் திருப்புகிறார்கள்.

இங்கே ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாளைக்கு யாரும் “சங்கம் சபைக்காரர்களுக்கு எதிராகக் கூட்டம் போட்டது” என்று லயத்தில் கதைக்கக்கூடாது. வளர்ந்த ஒருவர் எந்தச் சமயத்தை நம்புவது, எந்தச் சமயத்துக்கு மாறுவது என்பது அவருடைய சொந்த விசயம். நமது அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை அந்தச் சுதந்திரத்தை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. விரும்பிய சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமையும் அதற்குள் அடங்கும். ஒரு தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போனால் அவரைத் தடுக்கத் தோட்டத் தலைவருக்கு உரிமை இல்லை, கோயில் கமிட்டிக்கும் இல்லை. குடியை விட்டேன், கடன் குறைந்தது, வீட்டில் அடிதடி நின்றது என்று சொல்லிச் சபைக்குப் போகிற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அதைக் கேலி செய்ய நமக்கு என்ன தகுதி? நம் சங்கத்தின் சந்தாப் புத்தகத்தில் சமயம் எழுதும் இடம் இல்லை. ஆயிரம் ரூபா சம்பளத்துக்காக வருடக்கணக்கில் ரோட்டில் நின்றோம். 2021இல் சம்பளச் சபை வழியாக அது வந்தபோது திருநீறு வைத்தவருக்கும் சிலுவை போட்டவருக்கும் ஒரே சம்பளம்தான் வந்தது. நாம் சமயத்தின் பேரில் இரண்டாகப் பிரிந்தால் யார் சந்தோசப்படுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் பிள்ளையின் கதை வேறு. நாட்டுச் சட்டப்படி 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பாவிட்டால் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து கேட்பார்கள். கோயிலுக்குப் போவதும் சபைக்குப் போவதும் மனம் விரும்பிப் போவது. பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளை எழுந்து போக முடியுமா? முன்னால் நிற்பவர் “சேர்”, அல்லது “டீச்சர்”. அவர் சொல்வது எல்லாமே பாடம் என்றுதான் பிள்ளை நினைக்கும். இரண்டும் இரண்டும் நாலு என்று சொன்ன அதே வாய் “உன் அம்மாயி எரிவாள்” என்று சொன்னால், அதையும் கொப்பியில் எழுதாத குறையாக மனதில் எழுதிக்கொள்ளும். அரசாங்கம் கட்டாயப்படுத்தி ஒரே இடத்தில் கூட்டி வைத்த பிள்ளைகளை யாரும் தங்கள் சபைக்கோ பன்சலைக்கோ கோயிலுக்கோ ஆள் சேர்க்கும் இடமாகப் பயன்படுத்தக்கூடாது.

கொஞ்சம் பழைய கதையும் தெரிந்திருக்க வேண்டும். “இந்தப் பள்ளிக்கூடமே மிசன்காரர் கட்டியதுதானே, நாம் எப்படிக் கேட்பது” என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1854இல் கோப்பித் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே வேலை செய்யவென்றே ஒரு மிசன் தொடங்கப்பட்டது. அதன் பெயரிலேயே ‘கூலி’ என்ற சொல் இருந்தது. லயத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள், கூடவே வேதமும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் துரைமாருக்கு நம் பிள்ளைகளின் கைதான் தேவைப்பட்டது, படிப்புத் தேவைப்படவில்லை. தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று 1907இல் கட்டளைச் சட்டம் வந்த பிறகும், பெரும்பாலான இடங்களில் ஒரு மடுவமும் ஒரு வாத்தியாரும்தான். ஆகவே மிசன்காரர் தந்த எழுத்துக்கு நன்றி சொல்வதில் நமக்குக் கூச்சம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் இதே பிரச்சினையை எதிர்கொண்டார். அவர் மிசன் பாடசாலையில் படித்து அங்கேயே கற்பித்தவர், பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகமத்தைத் தமிழாக்கும் வேலையில் கூட இருந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாதிரிமாரைத் திட்டிக்கொண்டு நிற்காமல் அவர்களிடம் கற்ற முறையிலேயே தன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார், அச்சுக்கூடம் வைத்தார், பாடப்புத்தகம் எழுதினார். சாதி விசயத்தில் நாவலரோடு நமக்கு உடன்பாடில்லை, அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நமது முன்னோரில் பலருக்கு அப்படியான பள்ளிக்கூடத்தின் வாசலே கிடைத்திருக்காது. மிசன் பள்ளிக்கூடத்தில் வாங்கில் உட்காரக் கிடைத்ததே பெரிது என்று நினைத்த குடும்பங்கள் எத்தனையோ.

இன்று நிலைமை அப்படியல்ல. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. தோட்டங்களை அரசு எடுத்த பிறகு, 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளையும் படிப்படியாகப் பொறுப்பேற்றது. வாசலில் புனிதரின் பெயர் இருக்கலாம், பிள்ளையார் சிலை இருக்கலாம், போதி மரம் இருக்கலாம். ஆசிரியருக்குச் சம்பளம் போடுவது அரசாங்கம். சீனி வாங்கினாலும் சவர்க்காரம் வாங்கினாலும் நாம் கட்டும் வரியும் அதில் இருக்கிறது. ஆகவே நாம் யாருடைய வீட்டிலும் விருந்தாளியாக நிற்கவில்லை.

சமயம் நம் பாடசாலைகளில் ஒரு பாடம்தானே என்று கேட்கலாம். ஆமாம். சைவநெறி, பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன. சாதாரண தரப் பரீட்சைக்கும் எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கின் பொருள் பிள்ளை தன் குடும்பத்தின் சமயத்தைப் படிக்கும் என்பதுதான். சேர்க்கைப் பதிவேட்டில் சமயம் என்று ஒரு இடம் இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கும் நாளில் அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துத்தான் கையெழுத்து வைக்க வேண்டும். சிங்களத்தில் எழுதியிருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தெற்குத் தகப்பனுக்கு நடந்தது அங்கேதான் தொடங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது? 10ஆவது உறுப்புரையைச் சொன்னோம். 14ஆவது உறுப்புரை தன் சமயத்தை வழிபடவும், அனுட்டிக்கவும், கற்பிக்கவும் பிரசைக்கு உரிமை தருகிறது. 12ஆவது உறுப்புரை சமயத்தைக் காட்டிப் பாரபட்சம் செய்யக்கூடாது என்கிறது. 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. ஆனால் அதே வசனத்தில் மற்றச் சமயத்தவரின் உரிமைகளுக்கும் உறுதி சொல்கிறது. சிங்களப் பாடசாலை அதிபர் ஒருவர் 9ஐ மட்டும் வாசித்துக் காட்டினால் வசனத்தின் மிச்சத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சாசனத்தின் 14ஆவது உறுப்புரை பிள்ளையின் சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தை மதிக்கச் சொல்கிறது, அதில் பிள்ளைக்கு வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் மதிக்கச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை தானாக யோசித்து ஒரு கேள்வி கேட்டால் அடித்து வாயை மூடுவது அந்தச் சாசனத்தில் இல்லை.

மதமாற்றம் பற்றி நாட்டில் பெரிய வழக்குகளும் நடந்தன. 2003இல் கன்னியாஸ்திரிகள் சபை ஒன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் வந்தபோது, சமயத்தைப் பின்பற்ற உரிமை உண்டு, பரப்புவது அடிப்படை உரிமையாகச் சொல்லப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அந்தச் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டது என்றது. இடையில் 2004இல் பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அது சட்டமாகவில்லை. அப்படி ஒரு சட்டம் வந்திருந்தால் முதலில் பொலிசுக்கு அலைந்திருப்பது மலையகத்தின் ஏழைக் கிறிஸ்தவன்தான் என்பது எங்கள் அபிப்பிராயம். எப்படியோ, அந்த வாதமெல்லாம் பெரியவர்களைப் பற்றியது. வகுப்பறையில் இருக்கும் பிள்ளையைப் பெற்றோருக்குத் தெரியாமல் மாற்றலாம் என்று அந்தச் சகோதரிகள் தரப்பிலும் யாரும் வாதாடவில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். இவர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள்? ஜனவரியில் வருகிறார்கள். கொப்பி, சப்பாத்து, பேக் கொண்டு வருகிறார்கள். பாடப்புத்தகம் 1980இலிருந்து இலவசம், சீருடைத் துணி 1993இலிருந்து இலவசம். மற்றதில் பெரும்பாலானவற்றை நாம்தான் வாங்க வேண்டும். மூன்று பிள்ளை படிக்கும் வீட்டில் தைப்பொங்கலுக்கு முன்னே அடகுக் கடைக்கு ஓடுவது யாருக்குத் தெரியாது? அடுத்து, ஆசிரியர் இல்லாத இடத்துக்கு வருகிறார்கள். இங்கிலீசுக்கு ஆசிரியர் இல்லை, கணிதத்துக்கு இல்லை, சங்கீதத்துக்கு இல்லை. யாரோ வந்து சும்மா சொல்லித் தருகிறேன் என்றால் அதிபர் என்ன செய்வார்? கும்பிட்டு வரவேற்பார். நாமும் சந்தோசப்படுவோம். ஆகவே அதிபரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. வெற்றிடத்தை நிரப்பாத கல்வித் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். இங்கிலீஷ் ஆசிரியர் கேட்டு நாம் அனுப்பும் கடிதமும் இந்தப் பிரச்சினைக்கான கடிதம்தான்.

உதவி செய்கிறவர்கள் எல்லோரும் ஆள் பிடிக்கிறவர்கள் என்றும் சொல்லவில்லை. பிள்ளையின் சமயம் என்னவென்றே கேட்காமல் கொடுத்துவிட்டுப் போகும் பாதிரிமார், பிக்குமார், கோயில் தர்மகர்த்தாக்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். பெற்றோர் முன்னிலையில் கொடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பொருளை மட்டும் கொடுக்க வந்தவர் சரி என்பார்.

சரி, உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து இப்படி ஏதாவது சொன்னால் என்ன செய்வது? முதலில் பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள். “அவங்க உன்ன மதம் மாத்தினாங்களா?” என்று கேட்டால் பிள்ளை நீங்கள் விரும்பும் பதிலைச் சொல்லும். இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். யார், எந்த நாள், எந்தப் பாட நேரம், என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தார்கள் என்று பிள்ளை சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள், அல்லது காரியாலயத்துக்கு வாருங்கள். துண்டுப் பிரசுரம் ஏதும் கொடுத்திருந்தால் கிழிக்காமல் வைத்திருங்கள்.

பிறகு தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பெற்றோராகப் போங்கள், முடிந்தால் வேறு சமயத்துப் பெற்றோர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். கிறிஸ்தவத் தாயும் சைவத் தாயும் ஒன்றாகப் போய் நின்றால், இது மதச் சண்டை என்று யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. கேற்றில் நின்று சத்தம் போடுவது, ஆசிரியரை ரோட்டில் மறிப்பது, பிள்ளையின் முகத்தை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது, இவை மூன்றும் வேண்டாம். வீடியோ போட்டால் அன்றைக்கே ஆயிரம் பேர் பார்ப்பார்கள், எங்கிருந்தோ கொடி பிடித்துக்கொண்டு சிலர் தோட்டத்துக்கு வருவார்கள், நாலு நாளில் அவர்கள் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளை அதே வகுப்பில் இன்னும் ஏழு வருசம் படிக்க வேண்டும்.

அதிபரிடம் வாயால் சொல்வதோடு நிற்காமல் கடிதம் கொடுங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் கிடைத்ததாகக் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அதிபருக்கே தெரியாமல் நடந்த இடங்களும் உண்டு. முடியாவிட்டால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எடுங்கள். அதற்குத் தலைவர் அதிபர்தான் என்றாலும் செயற்குழுவில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு நம் ஆட்கள் போட்டியிடாமல் கடைக்காரரையும் கணக்கப்பிள்ளையையும் விட்டுவிட்டு வருவது இன்னொரு கதை. அதற்கும் மேலே கோட்டக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்வித் திணைக்களம் என்று பதிவுத் தபாலில் போகலாம். தமிழிலேயே எழுதலாம். அதற்கும் அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது, அடிப்படை உரிமை வழக்குக்கு உயர் நீதிமன்றம் இருக்கிறது. அரசாங்க ஆசிரியர் செய்வது நிர்வாகச் செயல் என்பதால் அந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் தவணை, ஆகவே வருசக் கடைசி வரை பார்ப்போம் என்று இருந்துவிட வேண்டாம். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு நாங்கள் கூட்டிப் போகிறோம்.

இன்னொன்றையும் இங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் சைவர்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறோம். இரண்டாவது தாயின் முறைப்பாட்டை மறந்துவிட வேண்டாம். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பான்மை நம் பிள்ளைகள். சரஸ்வதி பூசைக்குக் கட்டாயம் காசு, கட்டாயம் திருநீறு, கட்டாயம் பாட்டு என்று வைத்தால், நம்மைச் சிங்களப் பாடசாலையில் என்ன செய்கிறார்களோ அதையேதான் நாம் மாதா கோயில் பிள்ளைக்குச் செய்கிறோம். “அது நம்ம கலாசாரம்தானே” என்பார்கள். அங்கே அவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை வெளியே உட்கார வைப்பதும் தீர்வு இல்லை. அமெரிக்காவில் சம்பெய்ன் என்ற ஊரில் அரசாங்கப் பாடசாலைக்குள் பாட நேரத்தில் வெளியார் வந்து சமய வகுப்பு நடத்தினார்கள். மெக்கொலம் என்ற தாய் தன் மகனை அனுப்பவில்லை. அவனைத் தனியே நடைபாதையில் உட்கார வைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவர் வழக்குப் போட்டார், கீழ் நீதிமன்றங்களில் தோற்றார், ஏச்சும் மிரட்டலும் வந்தன, விடவில்லை. 1948இல் அந்த நாட்டின் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர்களின் சட்டம் வேறு, அங்கே அரசாங்கப் பாடசாலை ஒரு சமயத்தைப் போதிக்க முடியாது. நடைபாதையில் உட்கார்ந்த பிள்ளையின் மனம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆகவே ஆசிரியர் இல்லாத சமயப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் நூலகத்தில் வாசிப்போ, பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் வாரம் ஒரு நாள் வருவதோ, மாதா கோயில் ஞாயிறு வகுப்போடு தொடர்புபடுத்துவதோ, ஏதாவது ஒரு ஒழுங்கு கேட்க வேண்டும்.

எழுதிக்கொண்டு வந்த கடிதத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். மூன்று விசயம் கேட்டிருக்கிறோம். பாடசாலை நேரத்தில் வெளியார் யார் வந்தாலும், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், அபிவிருத்திச் சங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், வகுப்பில் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கூட இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் பெற்றோர் எழுதிக் கொடுத்த சமயத்தைத் தவிர வேறு வழிபாட்டில் சேர்க்கக்கூடாது. இங்கிலீஷ், கணிதம், கத்தோலிக்க பாட வெற்றிடங்களுக்கு ஆசிரியர் வேண்டும். முதல் கையெழுத்தை அந்தக் கிறிஸ்தவத் தாய் வைத்திருக்கிறார், அதன் கீழே நான்காம் தரப் பிள்ளையின் தாய் வைத்திருக்கிறார்.

கடிதம் அங்கே மேசையில் இருக்கிறது. வாசிக்க வராதவர்களுக்கு மாதர் தலைவி வாசித்துக் காட்டுவார். முழுதையும் கேட்டு, சரி என்று பட்டால் மட்டும் கையெழுத்து வையுங்கள். திங்கட்கிழமை பிரட்டுக்குப் பிறகு நாங்கள் அதைக் கொண்டுபோய் வலயக் காரியாலயத்தில் கொடுக்கிறோம். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, கூட வருகிறேன் என்கிறவர்கள் தோட்டத் தலைவரிடம் இன்றைக்கே பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.